கைக்குட்டையான ஊர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் பழவேற்காட்டை இவ்வவையில் அறியாதார் இலர். இறாலும் நண்டும், செங்கால் நாரையும், டச்சுக்காரர் கல்லறைகளுமே அவ்வூரின் பெயரோடு நினைவுக்கு வருவன. அவ்வூரின் பெயர் ஆங்கிலப் பேரகராதியில் ஊர்ப்பெயராக அன்றி, ஒரு பொருட்பெயராகவே ஏறியிருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. 'பல்லிகேட்' என்பது அச்சொல். வண்ணக் கட்டமிட்ட பருத்திக் கைக்குட்டை என்பது அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் ஆங்கிலேயர் கழுத்திலும் தலையிலும் கட்டிய துணி அது. இன்று ஆங்கிலேயரிடமே கேட்டாலும் பொருள் தெரியாது விழிப்பர். வழக்கொழிந்த சொல் என்று அகராதி குறித்துவிட்டது.

ஊரின் பெயர் அவ்வூர்த் துணிக்கு ஆயிற்று. இடவாகுபெயர் என்று நன்னூல் கற்றோர் உடனே கூறிவிடுவர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1780களில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோவில் நெசவாளர்கள் இத்துணியைப் பார்த்து, அதேபோல் நெய்யத் தொடங்கினர். பழவேற்காட்டைக் கனவிலும் கண்டிராத நெசவாளி, தான் நெய்த துணியைப் 'பல்லிகேட்' என்றே விற்றான். ஊர் கழன்று போயிற்று. பெயர் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டது. அதே தறிகளும் அவற்றைத் தொடர்ந்து வந்த ஆலைகளும் சோழமண்டலக் கரையின் நெசவை என்ன செய்தன என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துணி சென்ற வழியையும் சற்றுக் காண வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அங்குள்ளோர் கேட்ட விலை பொன்னன்று, தமிழ்க்கரைத் துணி. ஆகவே துணி கப்பலேறிற்று. அதே துறையிலிருந்து அடிமைகளாக விலைபேசப்பட்ட மனிதர்களும் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அம்மனிதர்களின் பெயர்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அதன் வணிகச் சிறப்புப் பெரிதும் மங்கியிருந்தது.

அத்துணியின் சிவப்பு நிறத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு: 'சே ரூட்'. நம் சாயவேர்தான் அது. இம்பூறல் என்று மருத்துவ நூலோர் கூறும் சிறு பூண்டின் வேர்; கடலோர மணலில் ஆழ இறங்கி வளர்வது. படிகாரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் துவைத்தாலும் போகாத சிவப்பைத் தரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைச் சாயங்கள் வந்தபின் வேர் தோண்டும் தொழிலும் போயிற்று. ஆங்கிலத்தில் சொல்லும் போயிற்று. ஒரு சொல் வழக்கொழிகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே யாரோ ஒருவருடைய பிழைப்பு ஒழிந்திருக்கிறது.

இத்தகைய சொற்களைத் தேடுவோர்க்குக் கருவூலமாக அமைந்தது 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி. ஹென்றி யூல் என்பாரும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னல் என்பாரும் தொகுத்தது, 1886இல் வெளிவந்தது. பர்னல் அதற்கு முன்னரே, 1882இல் மறைந்துவிட்டார். நூலின் பெயரே ஒரு பிழைச்செவியின் விளைவு. மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஓலம் வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் அவ்வாறு திரிந்தது. அந்நூலைத் தமிழர் படிக்கும்போது சிரிப்பும் வரும், சினமும் வரும். இரண்டுமே நியாயமானவை.

முதலில் சிரிப்பு. 'காஞ்சி ஹவுஸ்' என்றொரு சொல். கஞ்சித்தொட்டி போலும் என்று எண்ணலாகாது. படைப்பிரிவின் சிறையறைக்கு அப்பெயர். உள்ளே இருப்பவனுக்குக் கஞ்சிதான் உணவு என்பதால் வந்தது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று என்பதைப் பலர் அறிவர். அச்சொல் மேலும் குறுகி 'மல்' ஆகி, சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கே பட்டப்பெயராயிற்று என்பதைச் சிலரே அறிவர். மற்ற மாகாணத்தார் சென்னையை 'பினைட்டட்' என்று கேலி செய்தனர். இருளில் கிடக்கும் மாகாணம் என்பது பொருள். மிளகு ரசம் குடித்து இருளில் கிடந்த துரைமார்!

கட்டுமரத்தின் கதை இன்னும் விந்தையானது. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் காணப்படுகிறது. 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்குக் 'கட்டமரான்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில், எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் கிழவிக்கும் அதுவே பெயர். இன்று உலகெங்கும் அச்சொல் குறிப்பது இரட்டை உடல் கொண்ட படகை. அது தென்கடல் தீவினரின் கலத்தை ஒத்தது. மரங்களை வரிசையாகக் கட்டி, அலைநீர் ஊடே புகுந்து வடியவிடும் நம் மீனவரின் கட்டுமரத்துக்கும் அதற்கும் உறவில்லை. சொல் நம்முடையது, பொருள் நம்முடையதன்று.

இனிச் சினம். 'ராமசாமி' என்றொரு பதிவு அந்நூலில் உண்டு. பொருள் இரண்டு தரப்பட்டுள்ளன. முதலாவது, தென்னாட்டு இந்துக்கள் எல்லோர்க்கும் பொதுவான பெயர்; சிறப்பாக, இலங்கைக்குச் சென்ற கூலிகளுக்கு. இரண்டாவது, சுருட்டுக்கு நெருப்பு வைக்கப் பயன்படும், குழலில் செருகிய முறுக்குப் பஞ்சுத்திரி. குழல் பெரும்பாலும் வெள்ளியால் ஆனது. ஒரு தாய் தன் மகனுக்கு இட்ட இறைப்பெயர், ஒருபுறம் முகமற்ற கூட்டத்துக்கும் மறுபுறம் துரையின் சுருட்டுத் திரிக்கும் பெயராயிற்று. இவ்விரண்டு பொருள்களும் ஒரே பதிவின்கீழ் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதைத் தொகுத்தோர் கவனித்தார்களோ, இல்லையோ. கவிஞர் கண்ணுக்கு அது தப்பாது.

அடி வாங்கியவர்கள் வாளாவிருந்தனர் என்று கொள்ளற்க. 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சென்றது. அங்கு வெள்ளையர் தமிழரைச் 'சாமி' என்று இகழ்ச்சியாக அழைத்தனர். ராமசாமி, குப்புசாமி என்பவற்றின் கடைப்பகுதி. அதற்குத் தமிழர் சிலர் கொடுத்த விடையைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார். சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உமக்கு எசமானன் அல்லனே, என்பது அவ்விடை. சொற்பொருள் அறிந்தவனின் சாட்டை அது. அடிகளே அங்கு 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பெற்றவர்தாமே.

'கூலி' என்ற சொல்லுக்குத் தமிழ்க் கூலியே வேர் என்பார் உளர். குசராத்தின் கோலி இனத்தார் பெயரே வேர் என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கலாம். ஐயத்துக்கு இடமில்லாதது மற்றொன்று: தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் உழைக்கும் மனிதனை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளில் இன்று பீகார், ஒடிசா மாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். அவர்களை எவரும் 'கூலி' என்று எழுதுவதில்லை. 'கான்ட்ராக்ட் லேபர்' என்றே எழுதுகின்றனர். சொல் நாகரிகமடைந்துவிட்டது.

'பரையா' என்ற சொல்லைப் பற்றிப் பேசாமல் இவ்வுரை நிறைவுறாது. பறை என்னும் கருவியின் பெயரால் வந்த சமூகப் பெயர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியர் எழுத்தில் ஏறி, 'விலக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருள் பெற்றது. தெருநாய்க்கும் பருந்துக்கும் மட்டமான சாராயத்துக்கும் ஆங்கிலேயர் அதை அடைமொழியாக்கினர். பிரெஞ்சு நாடகத்திலும் இத்தாலிய இசைநாடகத்திலும் அது தலைப்பாயிற்று. இன்றும் ஆங்கில ஏடுகள், உலக நாடுகள் ஒதுக்கிவைத்த அரசைக் குறிக்கத் தயங்காமல் அதை ஆளுகின்றன. அதைத் தமிழாக்குவோர் ஒருகணம் கைந்நிறுத்த வேண்டும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்கு அவ்வினப் பெயரையே துணிந்து சூட்டினார். ஐரோப்பா இழிசொல்லாக்கியதை அவர் தலைப்பாக்கினார். இன்றைய திருவள்ளூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மைந்தர் அவர்.

இனி, சற்றுக் கசப்பான ஒரு செய்தி. ஆங்கிலச் சொற்கள் பலவும் தமிழே என்று மேடைதோறும் பட்டியல் வாசிக்கப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. தமிழ்ப்பற்று குறைந்தோர் கூறும் மறுப்பு அன்று இது. பற்றுடையோரே கருத வேண்டியது. 'எட்டு', 'எயிட்' இரண்டும் ஒன்று என்பது அப்பட்டியலில் தவறாது வரும். எட்டின் பழைய வடிவம் எது? எண்பது, எண்ணூறு, எண்டிசை என்பவற்றில் இருக்கும் 'எண்'. ஆங்கில எட்டின் உறவு எது? இலத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட'. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றனவே அன்றி நெருங்கவில்லை. 'ஒன்று' என்பதும் 'ஒன்' என்பதும் அவ்வாறே. நம்முடையதன் அடி 'ஒரு', 'ஓர்'. ஆங்கிலத்தின் பழைய வடிவம் 'ஆன்'. இன்று கேட்கும் ஒலி பிற்காலத்தில் புகுந்தது. உண்மையான உறவினர் முன்னோரை நெருங்க நெருங்க ஒத்திருப்பர். இங்கே அது தலைகீழ்.

'கேஷ்' இன்னும் நல்ல சான்று. ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் சொல் இத்தாலியரின் பணப்பெட்டியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காசிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழி வந்த 'கேஷ்' வேறொன்று உண்டு. அது சென்னைக் கும்பினியார் கணக்கின் சிறு செப்புக்காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று அவர்கள் கணக்கெழுதினர். அந்தக் 'கேஷ்' இன்று பழஞ்சொல். இரண்டும் எழுத்தில் ஒன்றாயிருப்பதால் மயக்கம். உறுதியாக நம்முடையதை விட்டுவிட்டு, பிறருடையதற்கு வழக்காடுவது எதற்கு? கறி, சுருட்டு, கட்டுமரம், பல்லிகேட் எனச் சான்றோடு நிற்பவை போதிய அளவில் உள்ளன. ஒரு பொய்க்கணக்கு அகப்பட்டால் உண்மைக் கணக்குகளையும் உலகம் ஐயுறும்.

போன சொற்கள் திரும்பி வருவதும் உண்டு. தொழிற்பேட்டைச் சாலையில் நடந்தால் வாயில்தோறும் 'குடோன்' என்ற பலகை தென்படும். மலாய் மொழியின் 'குடாங்' ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்று. அந்த மலாய்ச் சொல்லே தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிட்டங்கி' ஆகியவற்றின் வழிவந்தது என்று கருதுவர். அவ்வாறாயின் நம் கிடங்கு கடல் கடந்து, மலாய் உடை உடுத்து, ஆங்கிலத் தொப்பி அணிந்து, குடோனாகத் திரும்பியிருக்கிறது. வீட்டார்க்கே அடையாளம் தெரியவில்லை. அணைக்கட்டும் அவ்வாறே 'அனிகட்' ஆகிப் பொறியாளர் ஏடுகளில் தங்கிவிட்டது. கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் நிற்பதை இன்றும் ஆங்கிலக் குறிப்புகள் அப்பெயராலேயே குறிக்கின்றன.

பழவேற்காட்டுத் துணிக்கு மீள்வோம். ஆங்கிலத்தில் 'பல்லிகேட்' மறைந்தது. ஆனால் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டமிட்ட கைலியைக் 'காயின் பெலிகட்' என்கின்றனர், அவ்வூர்ப் பெயரேதான். தொழுகைக்குச் செல்வோரும், மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்போரும் அதை உடுத்துகின்றனர். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறிகள் இன்னும் லுங்கி நெய்கின்றன. அவை திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்து ஊர்கள். பழவேற்காடோ கிழக்கு ஓரம். பினாங்கில் ஒரு துணிக்கடையில் நுழைந்து 'பெலிகட்' என்று கேட்டால், கடைக்காரர் கட்டமிட்ட கைலியை எடுத்து விரித்துக் காட்டுவார்.