வாலிநோக்கத்தில் ஒரு ஹீட்டர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நானும் நாலு வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏதாவது தொழில்நுட்பத் தலைப்பில் பேசச் சொன்னார்கள். காருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "எந்த ஊர்ல?" என்று கேட்டார்கள். "வாலிநோக்கத்துல" என்றதும் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள். சித்திரை வெயிலில் பாத்தியில் கண்ணைத் திறக்க முடியாது. அங்கே காருக்குள் வெந்நீர் ஓடி, சூடான காற்று வந்து, யாருக்கு என்ன பிரயோஜனம்?

வண்டி என் பெரியப்பாவுடையது. அம்பாசடர், மார்க் டூ. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்து உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1489 சிசி பெட்ரோல் என்ஜின். நீலகிரியில் ஒரு எஸ்டேட் அதிகாரி வைத்திருந்ததைப் பெரியப்பா வாங்கி வந்தார். மலையில் ஓடிய வண்டி என்பதால் டாஷ்போர்டுக்கு அடியில் ஹீட்டர் இருந்தது. கம்பெனியே வைத்ததா, அந்த அதிகாரி வைத்துக்கொண்டதா, தெரியாது. எங்கள் ஊருக்கு வந்தபின் அதை யாரும் தொட்டதில்லை. ஆனால் அந்த வண்டியில் ஏறாத வீடு ஊரில் குறைவு. ராத்திரி பிரசவ வலி என்றாலும், பாம்பு கடித்தது என்றாலும், பெரியப்பா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு பாட்டில், பிறகு ரெண்டு பாட்டில். கீழே சொட்டு இல்லை. ரேடியேட்டர் காய்ந்திருந்தது, ஹோஸ் காய்ந்திருந்தது. பெரியப்பா எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, தண்ணி எங்க போகுதுன்னே தெரியலப்பா."

நான் அப்போது வேலையில் இருந்தேன். அடுத்த மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம். "வெளிய ஒழுகலைன்னா உள்ளதான் ஒழுகுது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும் பெரியப்பா, பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். புகை வெள்ளையாக வருகிறதா, எண்ணெய் பால் மாதிரி ஆகியிருக்கிறதா, ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்ஜினை ஓட்டினால் குமிழி வருகிறதா, ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்ஜினியர் பிள்ளை சொல்லிவிட்டான் என்று ஹெட்டைக் கழற்றினார்கள். கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. புதுசு போட்டு மூடினார்கள். காசு போனது, தண்ணீரும் போய்க்கொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி. கேஸ்கட் மாற்றிய வண்டிதானே என்று நம்பி ராமநாதபுரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஏர்வாடி தாண்டியதும் முள் ஏறி, பானட்டிலிருந்து ஆவி. பெரியம்மாவைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு, பெரியப்பா கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று கை காட்டியிருக்கிறார். மீன் ஏற்றிப்போன ஒரு வேன்காரர் நிறுத்தினார். பெரியம்மா பிழைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று பெரியப்பா இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். இந்த முறை பானட்டைத் திறக்கவில்லை. இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அடியிலிருந்த சாக்கு நனைந்து ஊறியிருந்தது. ஓரத்தில் துருக்கறை, குளத்தில் தண்ணீர் வற்றினால் கோடு கோடாகத் தெரியுமே, அதுபோல. முன்கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் அதைக் கடல்காற்று என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹீட்டர்தான் பெரியப்பா."

"அதை நா வாங்கின அன்னைக்கே மூடிட்டேனப்பா. மூடின குழாயில தண்ணி எப்படி வரும்?"

மாணவர்களே, இந்தக் கேள்வியைத்தான் உங்களுக்குக் கொண்டுவந்தேன். ஹீட்டருக்குள் இருப்பது ஒரு சின்ன ரேடியேட்டர். பித்தளைக் குழாய்கள், செம்புத் தகடுகள், ரெண்டு முனையிலும் சின்னத் தொட்டி, எல்லாம் ஈயப்பற்று வைத்து ஒட்டியது. என்ஜின் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து வெந்நீர் ஒரு வால்வு வழியாக அதற்குள் போகிறது. சுற்றிவிட்டு இன்னொரு ஹோஸ் வழியாக, வாட்டர் பம்ப் இழுக்கும் பக்கம் திரும்புகிறது. வால்வு இருப்பது போகும் வழியில் மட்டும். திரும்பும் வழியில் எதுவும் கிடையாது. ஆகவே வால்வை மூடினால் ஓட்டம் நிற்குமே தவிர அழுத்தம் நிற்காது. ரேடியேட்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் திரும்பும் ஹோஸ் வழியாக ஹீட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துபோட்ட கதை. போதாததற்கு, எங்கள் வால்வு உப்பும் துருவும் ஏறி முழுசாக மூடவும் இல்லை.

ஹீட்டரைக் கழற்ற அரை நாள் ஆனது. ரெண்டு ஹோஸ், நாலு போல்ட், ஒரு ஒயர்தான். ஆனால் கடலோரத்து போல்ட் எளிதில் மனசு மாறாது. கழற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும், முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஹோஸைப் பிடித்து முறுக்கி இழுக்கக் கூடாது. நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவதே நல்லது. முறுக்கினால் கோரின் மெல்லிய குழாய் வாய் கிழிந்துவிடும், பிறகு அழுதாலும் வராது. கழற்றிய இடத்தில் ரெண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, அதுவரை வண்டியை ஓட்டலாம்.

கோரை ராமநாதபுரத்தில் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். வயசானவர். குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்ததை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"வாலிநோக்கம் பாய்."

"அதான் பாத்தேன். உவர்த்தண்ணி ஊத்தியிருக்கீக. சோப்பு நுரைக்காத தண்ணியில வண்டி ஓடுமா?"

அவர் சொன்னதை நான் நம் வகுப்பறையில் படித்த மொழியில் சொல்கிறேன். வார்ப்பிரும்பு என்ஜின், செம்பு, பித்தளை, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று, இத்தனை உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைகின்றன. தண்ணீரில் உப்பு இருந்தால் அது மின்கலம் ஆகிவிடும். செம்புக்குப் பக்கத்தில் ஈயப்பற்று அரிபடும், இரும்பு துருப்பிடித்துச் சேறாகும். ஓட்டம் இல்லாமல் தேங்கிக் கிடந்த ஹீட்டரில் அந்தச் சேறு வந்து படிந்து, அரிப்பை வேகப்படுத்தியிருக்கிறது. மூடி வைத்ததே கேடாகப் போயிற்று.

வீட்டில் வந்து சொன்னேன். பெரியம்மாவுக்குக் கோபம். "குடிக்கிற தண்ணியைக் குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்குறோம். அதையா காருக்கு ஊத்துறது? அந்த மனுசன் பம்புத் தண்ணியைத்தான் ஊத்துவாரு, வேற என்ன செய்வாரு?" நியாயமான கேள்வி. என் பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பாய் கோரை வெந்நீரில் அலசி, தேய்த்து, பழைய பற்றைச் சூடுகாட்டி எடுத்தார். ஆசிட்டில் துத்தநாகத் துண்டைப் போட்டு அது பொங்கி அடங்கியபின் தடவி, புதுப்பற்று வைத்தார். ஒரு குழாய் நடுவிலேயே ஓட்டையாகியிருந்தது. அதை ரெண்டு முனையிலும் அடைத்துவிட்டார். ஒன்று போனால் சூடு கொஞ்சம் குறையும், வேறு நஷ்டமில்லை. பிறகு ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று ஏற்றித் தொட்டியில் முக்கினார். குமிழி வந்த இடத்தில் மறுபடி பற்று. மூன்றாவது முறை முக்கியபோது தண்ணீர் அசையவில்லை. அந்த ஆசிட் மிச்சத்தைச் சோடா கலந்த தண்ணீரில் கழுவச் சொன்னார். விட்டால் அதுவே மறுபடி தின்றுவிடுமாம். அது துத்தநாகக் குளோரைடு, அவர் சொன்னது சரி.

"ஹீட்டரே வேணாம், ஹோஸைச் சேத்தே விட்டுரலாமே" என்று தம்பி முறைக்காரன் ஒருவன் கேட்டான். விடலாம், பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. என்ஜின் கொதிக்கத் தொடங்கும்போது வால்வைத் திறந்து, விசிறியைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கினால் ஹீட்டர் இன்னொரு ரேடியேட்டராக வேலை செய்யும். உள்ளே இருப்பவர் வெந்துபோவார், என்ஜின் கொஞ்ச தூரம் தாங்கும். ஏர்வாடியில் நல்ல ஹீட்டர் இருந்திருந்தால்? தண்ணீரே தீர்ந்துபோன பிறகு எந்த ஹீட்டரும் உதவாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை மாட்டாமல் விட மனசு வரவில்லை.

மாட்டுவதற்கு முன் என்ஜின் பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தோம். ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்தியதும் செம்மண் குழம்பு மாதிரி கொட்டியது. தெளிவாக வரும்வரை கழுவினோம். பிறகு பாதிக்குப் பாதி காய்ச்சிவடித்த தண்ணீரும் கூலன்ட்டும். பனியே இல்லாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று கேட்பீர்கள். அதிலுள்ள அரிப்புத் தடுப்பானுக்காக. கொதிநிலையும் சில டிகிரி ஏறும். நிறம் இருப்பதால் ஒழுகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது இனிக்கும், விஷம். வடித்ததைத் தெருவில் ஊற்றினால் ஆடும் நாயும் நக்கும். ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும்.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சோதனை. வால்வைத் திறந்து, விசிறியைப் போட்டு, நாலு பேர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உப்பளச் சாலையில் போனோம். வேர்வை கண்ணில் வழிந்தது. காலடியில் விரித்திருந்த செய்தித்தாள் மட்டும் காய்ந்தே இருந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. சாலை முடிவில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். மறுநாள் காலையிலும் பார்த்தார்.

இப்போது டிக்கியில் காய்ச்சிவடித்த தண்ணீர் ஒரு கேன் இருக்கிறது. அதன்மேல் பெரியம்மா மார்க்கர் பேனாவால் 'கார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியப்பா மறுபடி ராத்திரியில் வண்டி எடுக்கிறார். போன் செய்தால் நான் இப்போது முதலில் கேட்பது, "விரிப்பைத் தூக்கிப் பாத்தீகளா?"