முகத்து ஊசியும் இரத்தக்கட்டும்

இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சில தாய்மார்களுக்குச் சிரிப்பு வரலாம். "கன்னத்தை உப்ப வைக்கும் ஊசியா? அது சினிமாக்காரர்கள் சங்கதி, தோட்டத்து ஜனங்களுக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். ஆனால் கொஞ்சம் சுற்றுமுற்றும் பாருங்கள். பைராம் தோட்டத்திலும், நிபோங் திபால் வட்டாரத்து மற்றத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகள் பிறைக்கும் பத்து காவானுக்கும் பாயான் லெப்பாசுக்கும் வேலைக்குப் போகிறார்கள். சொந்தச் சம்பளம் வாங்குகிறார்கள். கல்யாணம் நிச்சயமானால் முகத்துக்கும் ஏதாவது செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். அதைத் தவறென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் கண்ணுக்குக் கீழே கருநீலமாகக் கன்றிப் போய், அதை அம்மாவிடம் மறைத்துக்கொண்டு தலையணையில் முகம் புதைத்துப் படுக்கிறார்களே, அங்குதான் ஆபத்து தொடங்குகிறது.

முதலில் அந்த ஊசிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் ஃபில்லர் என்பார்கள். நிரப்பி என்று நாம் சொல்லலாம். பெரும்பாலும் அது ஹயலூரானிக் அமிலம் என்ற கூழ். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே உள்ள பொருள்தான். 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். முகத்தில் போடுவதற்கு அமெரிக்க அரசு 2003-இல் அனுமதி கொடுத்தது. இதில் ஒரு நன்மை உண்டு. ஏதாவது கோளாறு ஆனால் இந்தக் கூழைக் கரைக்கும் மாற்று மருந்து டாக்டர்களிடம் இருக்கிறது. சிலிக்கான் எண்ணெய்க்கோ, பெயர் தெரியாத புட்டிகளுக்கோ அப்படி ஒரு மாற்று இல்லை. ஆகவே, "என்ன மருந்து போடுகிறீர்கள்? பெட்டியைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, ஏன் கன்றுகிறது? முகத்தில் மயிர் போன்ற இரத்தக் குழாய்கள் வலைபோல் பரவிக் கிடக்கின்றன. ஊசி முனை ஒன்றிரண்டைக் கிழிக்கும். கசிந்த இரத்தம் தோலுக்கடியில் தேங்கும். கண்ணுக்குக் கீழும் உதட்டிலும் தோல் மெலிது, ஆகையால் அங்கே அதிகம் தெரியும். தேங்கிய இரத்தத்தை உடம்பே மெல்ல மெல்லச் சிதைத்து அப்புறப்படுத்துகிறது. சிவப்பு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைவது அதனால்தான். பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். சிலருக்கு இரண்டு வாரமும் ஆகலாம்.

இதைக் குறைக்கும் வழி ஊசிக்குப் பின்னால் அல்ல, ஊசிக்கு முன்னாலேயே இருக்கிறது. இரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் வேண்டும். ஓர் ஆஸ்பிரின் மாத்திரை தின்றால், அப்போது இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் தம் ஆயுள் முடியும்வரை சரியாக வேலை செய்யா. அவற்றின் ஆயுள் ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து நாள். எனவேதான் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். மாதவிலக்கு வலிக்குப் போன்ஸ்டான் சாப்பிடாத பெண் நம்மில் குறைவு. அதுவும், ஐபுபுரூஃபனும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். வலியென்றால் அந்த நாட்களில் பனடோல் போதும். மீன் எண்ணெய்க் குளிகை, வைட்டமின் ஈ, ஜின்செங், சீன மருந்துக் கடையில் வாங்கும் டாங் குவாய், பூண்டுச் சத்து மாத்திரை ஆகியவற்றையும் நிறுத்துவது நல்லது. ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைப் பற்றி இங்கே பேசவில்லை. அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். முதல் நாளும் அன்றும் மது கூடவே கூடாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை முக அழகுக்காக ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது. கன்றல் பத்து நாளில் ஆறும். அடைத்துப்போன இதயம் ஆறுமா? எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். அவர் கூடாதென்றால் ஊசியைத்தான் விட வேண்டும். அதுபோலவே டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளையும் பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காய்ச்சலில் தட்டணுக்கள் எவ்வளவு இறங்கும் என்பது நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்ததே.

போடுகிறவர் கையிலும் பாதி இருக்கிறது. கூர் ஊசிக்குப் பதில் சில இடங்களில் மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழலைப் பயன்படுத்துவார்கள். அது இரத்தக் குழாயைக் குத்தாமல் ஒதுக்கிக்கொண்டு போகும். கன்றல் குறையும், அறவே வராது என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகச் செலுத்துவதும், இரத்தம் கசிந்தால் உடனே சில நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் நல்ல கைகளுக்கு அடையாளம்.

வீட்டுக்கு வந்தபின் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். விட்டு விட்டு அன்று முழுதும் கொடுக்கலாம். மரத்துப் போட்ட தோலில் கட்டியை நேராக வைத்தால் குளிரே தோலைப் புண்ணாக்கிவிடும். இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கட்டும். இரண்டு நாளைக்கு ஆவி பிடித்தல், வெந்நீர்க் குளியல், ஓட்டம், வெயிலில் கடும் வேலை எதுவும் வேண்டாம். சூடு இரத்தக் குழாயை விரியச் செய்து கசிவைக் கூட்டும்.

இந்த இடத்தில் பாட்டிமார்களிடம் ஒரு வேண்டுகோள். பேத்தியின் முகம் கன்றியிருப்பதைக் கண்டதும் உங்கள் கை கோடாலித் தைலத்துக்கோ நல்லெண்ணெய்க்கோ போகும். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் தேய்த்தால் உள்ளே கசிவு கூடும், கூழும் இடம் மாறலாம். நலங்கு வைத்து மஞ்சள் பூசுவதும் அந்த வாரத்தில் வேண்டாம். முகத்தைத் தேய்ப்பது ஒரு கெடுதல். அடியில் தோலின் நிறம் மாறுவதை மஞ்சள் மறைத்துவிடுவது அதைவிடப் பெரிய கெடுதல்.

நிறத்தைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான். கூழ் தவறி இரத்தக் குழாய்க்குள்ளேயே போய்விட்டால் அந்தக் குழாய் அடைபடும். அது கன்றல் அல்ல. தோல் சுண்ணாம்புபோல் வெளுக்கும், அல்லது வலைவலையாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போகும். மரத்த நிலையில் வலி தெரியாமலும் போகலாம், ஆகையால் நிறத்தையே நம்புங்கள். மூக்கும் புருவ நடுவும் மிக ஆபத்தான இடங்கள். அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அழுத்தித் தள்ளிய கூழ் பின்னோக்கிப் போய்க் கண் நரம்புத் திரைக்கு இரத்தம் போகாமல் தடுத்துப் பார்வையைப் பறித்த நிகழ்ச்சிகள் உலகெங்கும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கண் மங்கினால், இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், நிமிடங்களை எண்ண வேண்டும். 999-ஐ அழையுங்கள். போட்ட டாக்டருக்கும் சொல்லுங்கள். சுங்கை பாக்காப் மருத்துவமனையோ செபராங் ஜெயா மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போய், "முகத்தில் நிரப்பி ஊசி போட்டது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பயந்து வேறு கதை சொன்னால் டாக்டருக்குக் காலம் வீணாகும், பிள்ளைக்குக் கண் போகும். மகள் மறைக்காமல் இருக்க வேண்டுமானால், தாய் திட்டாமல் இருக்க வேண்டும். காசைப் பற்றிய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் போடுவது? நம் நாட்டில் இந்த ஊசியைப் போடப் பதிவு பெற்ற டாக்டருக்கே உரிமை. அவரிடமும் அழகியல் மருத்துவத்துக்கென்று சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. என்ற தனிச் சான்று இருக்க வேண்டும். அழகு நிலையத்து அக்காவுக்கு எவ்வளவு கைராசி இருந்தாலும் இந்த உரிமை கிடையாது. ஹோட்டல் அறையிலோ வீட்டுக் கூடத்திலோ போடுவது அறவே சட்ட விரோதம். 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார நிலையச் சட்டப்படி, பதிவில்லாத கிளினிக் நடத்துபவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராசில், உரிமமில்லாத அழகு நிலையம் ஒன்றில் கையிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கப் போன 23 வயதுப் பெண் உயிரிழந்தார். அது ஊசி அல்ல, வேறு சிகிச்சை. ஆனாலும் இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகும் எண்ணம் நாம் அறியாததல்ல. "டாக்டரிடம் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார், இங்கே சில நூறில் முடியும்." அந்த மலிவுக் கூட்டத்திடம், அடைப்பு ஏற்பட்டால் கரைக்கும் மருந்து இருக்காது. இருந்தாலும் போடத் தெரியாது.

நாள் குறிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கல்யாணத்துக்கோ படம் எடுக்கவோ குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் போட்டுக்கொள்ளட்டும். நான்கு வாரமானால் இன்னும் நிம்மதி. வீக்கம் வடிந்து உண்மை உருவம் தெரியவும், ஏதேனும் திருத்தம் வேண்டுமானால் செய்யவும் அவகாசம் இருக்கும். ஊசித் துளைகள் மூடும்வரை, ஒரு நாளாவது, முகப்பூச்சு வேண்டாம். அதன்பின் கன்றலை மறைக்கப் பூசிக்கொள்ளலாம், மெதுவாக ஒற்றி எடுத்தால் சரி. தை மாதத்தில் போடுகிறவர்கள் தைப்பூசத்தையும் கணக்கில் வையுங்கள். தண்ணீர்மலைப் படியேறிப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் அதை முடித்துவிட்டு வந்து ஊசிக்கு நாள் பார்க்கலாம்.