சம்பள நாளின் முதல் கணக்கு



சம்பள உயர்வுக்காகச் சங்கம் போராடுகிறது, இனியும் போராடும். ஆனால், உயர்ந்த சம்பளம் வீடு வந்து சேருமுன்பே கடைப்பற்றிலும் வட்டியிலும் கரைந்து போகுமானால், போராட்டத்தின் பலன் யாருக்கு? இதை நாம் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு என்பது வசதி படைத்தோர் காரியம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். நமது சரித்திரமே அதை மறுக்கிறது. 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. வேலை போயிற்று; வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அந்த வேளையில்தான், 1960-இல், அந்நாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் ஆள் சேர்த்தார். அந்தப் பணம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. மரம் சீவிய கைகளே தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆயின. பத்துப் பத்தாய்ச் சேர்ந்த பணம் செய்த காரியம் அது!

இன்று நமக்கு என்ன இருக்கிறது? 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி இருக்கிறது. சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால் நம் பங்கு 187. முதலாளி பங்கு 221. ஆக மாதம் 408 ரிங்கிட். 2024 மே மாதம் முதல் இதில் பத்தில் ஒரு பாகம் எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கில் சேருகிறது. எடுக்கலாம் என்பதற்காக மாதந்தோறும் எடுத்துவிடலாமா? பட்டையை ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கிடைக்கும். மரமோ காயப்பட்டுப் போகும். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்து, கடன். நூற்றுக்கு மாதம் பத்து என்றால் சிறு தொகைபோல் தோன்றுகிறது. ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 120 ரிங்கிட். முதல் அப்படியே நிற்கும்! ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் 18-க்கு மேல் வாங்க உரிமம் பெற்ற வட்டிக்கடைக்கும் சட்டம் இடம் தரவில்லை. கூட்டுப் பிடிப்போரிடமும் எச்சரிக்கை வேண்டும். அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வாங்கிய அன்றே சேமிப்பை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். வேலை நாளுக்கு 2 ரிங்கிட் என்றால் 26 நாளில் 52, ஆண்டில் 624. தீபாவளிச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் பிறர் வாசலில் நிற்க வேண்டியிராது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து வரவு செலவை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கள்ளுக்கும் புகைக்கும் போனதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமநிதிக் கணக்கைப் படிக்கத் தெரியாத தோழர் இன்னும் இருக்கிறார். அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். வாரிசு பெயர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியாமல் ஒருவர் கண்மூடினால், அந்தப் பணத்துக்காக அவர் குடும்பம் அலைய நேரிடும்.

கேட்டுப் பெறுவது நம் உரிமை. பெற்றதைக் காப்பது நம் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் தொழிலாளி நிமிர்ந்து நிற்பான்.