யாருடைய பாட்டு நம் வாயில்?

(சபையின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. இன்று காலை நித்திரையால் எழும்பியதும் உங்கள் மனதில் ஓடிய பாட்டு எது? போன மாதம் ஞாயிறு பாடசாலையில் இதே கேள்வியைக் கேட்டேன். ஞானப்பாட்டு என்று சொன்னவர் ஒருவர்தான். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மற்றவர்கள் கொரியப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு, தமிழ்ப் படத்துக் குத்துப்பாட்டு என்றார்கள். பிறகு ஒரு மகள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "அங்கிள், சின்ன வயசில உங்கட தலைக்குள்ள என்ன பாட்டு ஓடினது?"

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், மிகக் கண்டிப்பான ஒரு வீட்டில். சினிமா பாவம், சினிமாப் பாட்டு அதன் தங்கச்சி என்பது அப்பாவின் முடிவு. எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி கிடையாது. பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒன்று இருந்தது. பின்னேரங்களில் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அங்கே போய்விடுவேன். ஒரு நாள் அப்பா தேடி வந்தார். வேலிக்கு வெளியே அவர் நிற்பதைக் கண்டதும் இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. பாட்டு முடியுமட்டும் அங்கேயே நின்றார். முடிந்த பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது ஒரு பெரிய நாட்டிலும் நடந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதன் இடம் வெகுவாகச் சுருங்கியது. அதனால் மக்கள் சினிமாப் பாட்டை மறந்தார்களா? இல்லை. இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். வடக்கே இந்திப் பாட்டுக்கும், தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கும் கொழும்பின் அலைவரிசையில் காத்திருந்தார்கள். கடைசியில் 1957இல் இந்திய அரசே 'விவித் பாரதி' என்ற சேவையைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு மறுபடியும் இடம் கொடுத்தது.

பெற்றோரே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தடுத்தால் பிள்ளை பாட்டை விடமாட்டான், அலைவரிசையை மாற்றுவான். என்ன கேட்கிறான் என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகும்.

அப்படியானால் வருவதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவதா? அதுவும் அல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் படித்துப் பார்ப்பது. சனங்கள் விரும்பும் பாட்டையும் படத்தையும், ஒரு பாடப் புத்தகத்தைப் போல விரித்து வைத்து ஆராய்வது.

நம்மவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, 1981இல் தமிழ்ச் சினிமாவையும் அரசியலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறிய நூல் எழுதினார். அதில் அவர் கவனித்த ஒரு விஷயம் என்னை உலுக்கியது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதி அல்ல, கையில் இருந்த காசு. கலரியா, பல்கனியா என்பதுதான் கேள்வி. பணத்தால் வந்த பிரிவும் பிரிவுதான். என்றாலும், பிறப்பைக் கேட்காமல் டிக்கெட் கொடுத்த இடம் அது.

இதை வாசித்தபோது நம் ஆலயங்களை நினைத்தேன். தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைக்க நடுவே சுவர் எழுப்பிய ஓர் ஆலயம் இருந்தது. அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று போதித்த இடத்தில் சுவர் நின்றது. நாம் பாவம் என்று சொன்ன கொட்டகையில் அது இருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். திரையில் படகோட்டியாகவும், விவசாயியாகவும், ரிக்‌ஷாக்காரனாகவும் வந்தார். 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 1987இல் இறக்கும்வரை மக்கள் அவரைக் கைவிடவில்லை. எம். எஸ். எஸ். பாண்டியன் என்ற ஆய்வாளர் 1992இல் வெளிவந்த நூலில் ஒரு கேள்வி கேட்டார்: அவருடைய ஆட்சியில் ஏழைகளுக்கு உண்மையில் கிடைத்தது என்ன? கிடைத்தது குறைவாக இருந்தும் அவர்கள் ஏன் அவரை இவ்வளவு நேசித்தார்கள்? திரையில் கண்ட உருவத்தை மக்கள் நிஜத்திலும் கண்டார்கள் என்பது அவர் கண்ட விடையின் சாரம். அந்த ஆட்சியைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். கேள்வி கேட்ட முறையைத்தான் நான் கற்றுக்கொள்ளச் சொல்லுகிறேன்.

இப்போது உங்கள் கையில் உள்ள தொலைபேசிக்கு வருவோம். கொட்டகையில் ஆயிரம் பேர் ஒரே படத்தைப் பார்த்தோம். விறாந்தையில் பத்துப் பேர் ஒரே பாட்டைக் கேட்டோம். ரிக்ரொக்கிலும் யூரியூப்பிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கொட்டகை. எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை அது கவனித்து, அதைப் போன்றதையே மேலும் மேலும் தருகிறது. ஒரே சோபாவில் இருக்கும் அண்ணனும் தங்கையும் இரண்டு வேறு உலகங்களில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வேலிக்கு வந்தால் என் அப்பாவுக்கும் பாட்டுக் கேட்டது. காதுக்குள் செருகிய கருவியிலிருந்து யாருக்கும் எதுவும் கேட்காது.

ஆகவே பிள்ளைகளே, எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்தவர் யார், இதனால் யாருக்குப் பணம் போகிறது? இதில் யார் அழகானவராக, யார் கேலிக்குரியவராக வருகிறார்? இதைப் பார்த்து முடித்ததும் நான் எப்படி இருக்கிறேன்?

இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணம். 1975இல் இந்தியச் சந்தைக்கு 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற கிறீம் வந்தது. வெள்ளை நிறமே அழகு என்று விளம்பரங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லின. 2020இல் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறிவிட்டது, ஆனால் நம் பெண்பிள்ளைகள் படம் போடும்போது முகத்தை வெளுப்பாக்கிவிட்டுப் போடுகிறார்களே, அது இன்னும் மாறவில்லை. எந்தக் கடையிலும் அந்தக் கிறீமை வாங்காத பிள்ளையின் மனதிலும் அந்த விளம்பரம் இருக்கிறது.

நம் சபைக்கு இந்த வழி புதிதும் அல்ல. வேதநாயகம் சாஸ்திரியார் சனங்கள் ரசித்த குறவஞ்சி வடிவத்தைக் கவனித்துப் படித்தார். பிறகு அதே வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். பவுல் அத்தேனே பட்டணத்தில் முதலில் சுற்றிப் பார்த்தார். மார்ஸ் மேடையில் பேசியபோது அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த புலவர்களையே நினைவூட்டிப் பேசினார். பார்க்காமல் அவர் பேசவில்லை. பார்த்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கிழமையில் ஒரு நாள், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை வீட்டாருக்குப் போட்டுக் காட்டட்டும். முடியுமட்டும் ஏசாமல் இருங்கள். பிறகு அந்த மூன்று கேள்விகளையும் சேர்ந்து கேளுங்கள். அடுத்ததாக உங்கள் காலத்துப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அதே கேள்விகளை அவர்கள் உங்களிடம் கேட்கட்டும். பதில் சொல்லக் கொஞ்சம் கஷ்டப்படுவீர்கள். நானும் கஷ்டப்பட்டேன்.

அந்தப் பின்னேரம் வேலியோரம் நின்ற அப்பாவிடம், "அப்பா, அந்தப் பாட்டு உங்களுக்கும் பிடிச்சதோ?" என்று நான் கேட்டிருக்கலாம். அவரும் என்னிடம், "அதில உனக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டிருக்கலாம். இருவரும் கேட்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை. உங்கள் வீட்டில் கேட்பதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்று இரவே கேளுங்கள்.

கர்த்தர் உங்கள் வீடுகளையும் இந்தச் சபையையும் ஆசீர்வதிப்பாராக.