அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

போன ஞாயிறு காலை 7 மணிக்கு பாரிமுனையில ஒரு ஹெரிட்டேஜ் வாக் போனேன்.

டேர் ஹவுஸ் ஓரமா ஒரு கல்தூண் நிக்குது. எத்தனை தடவை பஸ்ல கடந்திருப்பேன், கண்ணுல பட்டதே இல்லை. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை 1746-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடிச்சாங்க. மிச்சத்தை ஆங்கிலேயர்களே இடிச்சுட்டாங்க, எதிரி ஒளிஞ்சு சுட இடம் இருக்கக் கூடாதுன்னு. அந்த வெட்டவெளிக்கு நட்ட எல்லைக்கற்களில் மிஞ்சினது இந்த ஒண்ணுதான். இடிச்ச ஊர் மேலதான் இப்ப ஹைகோர்ட்.

அடுத்து அரண்மனைக்காரன் தெரு. அரண்மனையெல்லாம் கிடையாது. ‘ஆர்மீனியன்’ நம்ம வாயில அப்படி ஆயிடுச்சு! உள்ளே 1772-ல் கட்டின ஆர்மீனியன் சர்ச். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-ல் அச்சானது மெட்ராஸில்தான். அதை நடத்தின பாதிரியார் ஷ்மாவோனியனோட கல்லறையும் அங்கேயே இருக்கு.

எங்கப்பா அந்தத் தெருவுல ஒரு பேப்பர் கடையில 26 வருஷம் கணக்கு எழுதினவர். அங்கிருந்தே போன் போட்டேன். “அந்த கேட்டுக்கு எதிர்லதான்டா தினம் டீ குடிப்பேன். உள்ளே போனதில்லை. நம்மள விடுவாங்களான்னு ஒரு தயக்கம்”னார்.

வர்ற ஞாயிறு கூட்டிட்டுப் போறேன். முட்டி வலியாம், மெதுவா நடக்கணும்னு கண்டிஷன் வேற!