விற்காத வீட்டை மீண்டும் விற்பனைக்கு விடுமுன்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



“வீடு விற்பது முகவரின் வேலை. அதில் கருத்தரங்கு நடத்த என்ன இருக்கிறது?” என்று சிலர் நினைக்கலாம். மாதக் கணக்கில் விளம்பரம் செய்தும் விலைபோகாத வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு வந்தால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பார்கள். “சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது. வாராவாரம் இப்படி நடந்தால் எந்தக் குடும்பத்துக்கும் மனம் சோர்ந்துபோகும்.

மனச்சோர்வு மட்டும் அல்ல, காலக்கெடுவும் இருக்கிறது. இன்னொரு வீவக வீட்டை வாங்கிச் சாவி பெற்றவர்கள், பழைய வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். நாள் நெருங்க நெருங்க, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடும். பல ஆண்டு உழைப்பின் பலன் அந்த அவசரத்தில் கரைந்துவிடும்.

முதல் முறை விற்காவிட்டால் நம்மில் பலர் செய்வது என்ன? முகவரை மாற்றுகிறோம். சுவருக்குப் புதுச் சாயம் அடிக்கிறோம். விலையில் ஐயாயிரம் வெள்ளி குறைத்து, அதே படங்களோடு மறுபடியும் விளம்பரம் போடுகிறோம். ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் இதையெல்லாம் செய்வது, வியாதி தெரியாமல் மருந்துக் கடையை மாற்றுவது போன்றது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டில் குறை தேடுவதற்கு முன்னால், “இந்த வீட்டை யாரால் வாங்க முடியும்?” என்று கேளுங்கள். விலை, முகவர், சாயம் எல்லாம் அதற்குப் பிறகு.

யாருக்கு விற்கலாம்?

வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் அக்கம்பக்க வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87 விழுக்காடு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களுக்கும் மற்ற இனத்தவர்க்கும் 2010 மார்ச் 5 முதல் 12, 15.

இதில் நம்மவர்கள் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. “எங்கள் புளோக்கில் இந்தியர் அதிகம் இல்லையே, நமக்கு என்ன தடை?” என்று கேட்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது இந்தியர் வரம்பை அல்ல, சீனர் வரம்பை. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது. விற்றால் சீனர் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். அதே புளோக்கில் உள்ள சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம். அதனால் எண்ணிக்கை மாறாது.

விளைவைப் பாருங்கள். மேல்மாடிச் சீனக் குடும்பத்தின் நாலறை வீடு ஒரே மாதத்தில் நல்ல விலைக்குப் போகிறது. கீழே நம் நாலறை வீடு அதே அளவு, அதே வயது. அப்படியே கிடக்கிறது. “நம் வீட்டில் ஏதோ தோஷம்” என்று சிலர் வாஸ்து பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில், நாட்டில் பெரும்பான்மையாக உள்ள வாங்குவோர் அந்த வீட்டுப் பக்கமே வர முடியாத நிலை. கூட்டம் குறைந்தால் விலையும் குறையும், நாளும் கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நிரந்தரவாசிக் குடும்பம் ஒன்று வாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்களும் உண்டு. மலேசியரல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பு இருக்கிறது: வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. அது நிரம்பியிருந்தால் அந்த வழியும் குறுகிவிடும்.

இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதே இந்தக் கொள்கையின் நோக்கம். அதன் நன்மையை நாம் அன்றாடம் மின்தூக்கியிலும் உணவங்காடியிலும் பார்க்கிறோம். அதே நேரத்தில், சிறுபான்மையின விற்பனையாளர் சுமக்கும் பாரமும் உண்மை. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே இது விவாதிக்கப்பட்டது. 2022இல், இந்த வரம்பால் நீண்ட நாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது பற்றிப் பரிசீலிப்பதாக வீவக அறிவித்தது. இது கேட்டவுடன் கிடைக்கும் சலுகை அல்ல. உண்மையாக முயன்றிருக்க வேண்டும். எனவே எப்போது விளம்பரம் செய்தீர்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

வரம்பு நிலவரம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. முதல் முறை விளம்பரம் போட்டபோது நிரம்பியிருந்த புளோக்கில் இப்போது இடம் இருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கலாம். வீவக இணையத்தளத்தில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். நிரம்பியிருந்தால் விளம்பரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்க முடியாதவர்கள் வந்து போவது இரு தரப்புக்கும் வீண். வாங்கக்கூடிய மலாய், இந்தியக் குடும்பங்கள் எங்கே தேடுகின்றன என்று பார்த்து அங்கே விளம்பரம் செய்யுங்கள். நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா, கோயில் இருக்கிறதா, தமிழ் சொல்லித்தரும் பாலர் பள்ளி இருக்கிறதா? இவை அந்தக் குடும்பங்களுக்குச் சமையலறையின் புதுக் கற்பலகையைவிடப் பெரிய விஷயம்.

யாரிடம் பணம் வரும்?

இரண்டாவது, குத்தகைக் காலம். 1978இல் குத்தகை தொடங்கிய வீட்டின் 99 ஆண்டு 2077இல் முடியும். 2019 மே 10 முதல் உள்ள விதிப்படி, வாங்குவோரில் ஆக இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை மீதம் இருந்தால்தான் மத்திய சேம நிதியையும் வீவக கடனையும் முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 1995இல் பிறந்த இளைஞருக்கு 2077இல் வயது 82தான். அவருக்குக் கிடைக்கும் தொகை குறையும். கையிலிருந்து கூடுதல் ரொக்கம் போட வேண்டும். 1980இல் பிறந்தவருக்கு அப்போது 97 வயது. அவருக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே பழைய வீட்டை விற்கிறவர்கள் “புதுமணத் தம்பதியருக்கு ஏற்றது” என்று விளம்பரம் போட்டுப் பயனில்லை. நடுத்தர வயதுக் குடும்பங்களையும், அதே பேட்டையில் பெற்றோரோ பிள்ளைகளோ உள்ளவர்களையும் தேடுங்கள். நெருங்கிய குடும்பத்தார் நான்கு கிலோமீட்டருக்குள் வசித்தால், தகுதி பெற்றவர்களுக்கு மறுவிற்பனை வீடு வாங்க அரசாங்க மானியம் உண்டு. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உங்களுக்கும் நல்லது.

விலையை யார் முடிவு செய்வது?

நம் வீடுகளில் விலை எப்படி முடிவாகிறது? “கடன் போக, மசேநி போக, கையில் இரண்டு லட்சம் நிற்க வேண்டும்” என்று பின்னாலிருந்து கணக்குப் போடுகிறோம். அல்லது அடுத்த புளோக்கில் யாரோ வாங்கிய விலையைக் காதால் கேட்டு அதன்மேல் ஏற்றி வைக்கிறோம். நம் தேவை வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்காக அவர் ஒரு வெள்ளி கூடக் கொடுக்க மாட்டார்.

2014 மார்ச் 10க்கு முன்பு மதிப்பீடு கையில் இருக்கும், அதற்கு மேல் எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். அன்றிலிருந்து முறை மாறிவிட்டது. முதலில் இரு தரப்பும் விலை பேசி முடிக்க வேண்டும். ‘ஆப்ஷன்’ கொடுத்த பிறகுதான் வாங்குகிறவர் மதிப்பைக் கேட்டு வீவகவிடம் விண்ணப்பிப்பார். 560,000 வெள்ளிக்குப் பேசி, மதிப்பு 530,000 என்று வந்தால், இடையிலுள்ள 30,000 வெள்ளியை அவர் ரொக்கமாகவே கட்ட வேண்டும். கடனும் மசேநியும் அதற்கு உதவா. முடியாவிட்டால் அவர் விலகிக்கொள்வார். ‘ஆப்ஷன்’ கட்டணம் அதிகபட்சம் ஆயிரம் வெள்ளிதான். அதை அவர் இழப்பார். நீங்களோ அந்த 21 நாளையும், இடையில் கேட்டு வந்த மற்றவர்களையும் இழப்பீர்கள்.

அதனால் மறுபடி விலை வைக்குமுன், உங்கள் வட்டாரத்தில் நடந்து முடிந்த விற்பனைகளை வீவக இணையத்தளத்தில் பாருங்கள். அங்கே இருப்பவை பதிவான விலைகள். விளம்பரத்தில் இருப்பவை வெறும் ஆசைகள். அதே வகை, ஏறத்தாழ அதே மாடி, அதே குத்தகை ஆண்டு என்று ஒப்பிடுங்கள். பக்கத்தில் ஐந்தாண்டு குடியிருப்புக் காலம் முடிந்த புதிய புளோக்குகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகின்றனவா என்றும் பாருங்கள். வந்தால், உங்களுக்குப் போட்டி புதிய வீடு.

விலையைக் குறைத்தால் மசேநிக்குப் போட்டதைத் திருப்பிக் கட்ட முடியாதே என்று பயப்படுகிறார்கள். எடுத்த பணத்தை 2.5 விழுக்காட்டு வட்டியோடு விற்ற பணத்திலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது சரிதான். ஆனால் சந்தை மதிப்புக்கே விற்றும் அது போதவில்லை என்றால், பற்றாக்குறையைக் கைப்பணத்திலிருந்து கட்டச் சொல்வதில்லை. கையில் ரொக்கம் குறையும் என்பது உண்மை. அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிட்டு, அடுத்த வீட்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

முகவரும் வீடும்

மூன்று முகவரிடம் கொடுத்தால் மூன்று மடங்கு வேகம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரே வீடு மூன்று விலையில், மூன்று விதப் படங்களோடு இணையத்தில் வந்தால், பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? “அவசரமாக விற்கிறார்கள், இன்னும் குறைத்துக் கேட்கலாம்” என்றுதான் தோன்றும். ஒருவரிடம் மட்டும் தனியுரிமை கொடுப்பதானால், அந்த ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். முன்பு அந்த முகவர் அழைத்து வந்தவருக்கே இப்போது விற்றால் அவருக்குத் தரகு தர வேண்டிய நிபந்தனை இருக்கக்கூடும். புதிய முகவரின் பெயர் பொதுப் பதிவேட்டில் உள்ளதா என்றும் சரிபாருங்கள். முகவர் இல்லாமலே விற்க முனைவோருக்கு, வீவக 2024 மே மாதத்தில் தன் இணையத்தளத்திலேயே விளம்பர வசதியைத் தொடங்கியது. விற்க விரும்புவதாக நீங்கள் வீவகவிடம் செய்த பதிவு 12 மாதத்துக்குத்தான் செல்லும். அது காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

கடைசியாகத்தான் வீட்டின் தோற்றம். சாமி மேடையை எடுத்துவிடச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்கு மேலே கூரையில் படிந்துள்ள விளக்குக் கரியைத் துடையுங்கள், போதும். குளியலறைக் கூரையில் நீர்க்கசிவு இருந்தால் சாயம் பூசி மறைக்காதீர்கள், சரிசெய்யுங்கள். அனுமதியில்லாமல் சுவரை இடித்திருந்தால் விற்கும் நேரத்தில் அது தலைவலியாகும். வந்து போனவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்று முகவரிடம் கேளுங்கள். ஐந்து பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அது குறைதான். சீனர் ஏழாம் மாதத்திலும் நம் ஆடியிலும் வீடு பார்க்க வருவோர் குறையலாம். அந்த நாள்களைப் பழுதுபார்க்கப் பயன்படுத்திக்கொண்டு, பிறகு புதுப் படங்களோடு விளம்பரம் போடுங்கள்.

விற்கத்தான் வேண்டுமா?

மூத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. முதுமைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக மட்டுமே வீட்டை விற்க நினைத்து, அது விற்காமல் தவிக்கிறவர்கள் உண்டு. 65 வயதாகித் தகுதி பெற்றவர்கள், குத்தகையின் கடைசிப் பகுதியை மட்டும் வீவகவுக்கு விற்றுவிட்டு அதே வீட்டில் தொடர்ந்து வாழலாம். 2019 முதல் ஐந்தறை வீடுகளுக்கும் இந்தத் திட்டம் உண்டு. மறுபடி விளம்பரம் போடுமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதையும் பேசுங்கள்.

நேயர்களே, ஒரு வீடு முதல் முறை விற்காதது அவமானம் அல்ல. அந்த மாதங்களில் சந்தை நமக்கு ஏதோ சொல்லியிருக்கிறது. யாரால் வாங்க முடியும், அவரிடம் எவ்வளவு பணம் வரும், அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடிந்தால் நாளைக்கே விளம்பரம் போடலாம். முடியாவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். விடை தெரிந்தபின் போடுங்கள்.