துன்புறுத்தலைத் தடுக்கும் செலவு

1982ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வே நாட்டின் வடபகுதியிற் சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சகமாணாக்கர் இழைத்த இடையறாத கொடுமையே பெரும்பாலும் காரணம் எனத் தெரிந்ததும் நாடே கலங்கிற்று. மறு ஆண்டில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு, பாடசாலைகளில் நிகழும் துன்புறுத்தலைத் தடுக்க நாடளாவிய இயக்கமொன்றைத் தொடக்கிவைத்தது. பிள்ளைகளின் சண்டையென்று பெரியோர் புறக்கணித்துவந்த விடயம், அரசாங்கப் பணம் செலவிடத்தக்க விடயமாயிற்று. பணம் என்றதும், கைகண்ட பயன் யாது என்ற கேள்வியும் உடன் எழுதல் இயல்பே.

பேர்கன் நகரில் உளவியற் பேராசிரியர் டான் ஒல்வேயஸ், 42 பாடசாலைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 2,500 மாணாக்கரை இரண்டரை ஆண்டுகள் ஆராய்ந்தார். துன்புறுத்தல் பாதியளவு குறைந்தது என்பது அவர் கண்ட முடிவு. ஆனால், அதே இயக்கம் நடைபெற்ற ரோகலாந்து மாவட்டத்தில் நடந்த ஆராய்ச்சியில் அத்தகைய நன்மை தென்படவில்லை. ஒரே மருந்து ஓரிடத்திற் பலித்து மற்றோரிடத்திற் பலியாமற் போனதேன்? பேர்கனில் ஆராய்ச்சியாளர் பாடசாலைகளோடு நெருங்கி நின்று உதவினர். ரோகலாந்தில் அத்துணை உதவி கிடைக்கவில்லை. நூலையும் படச்சுருளையும் அனுப்பிவிட்டுப் பயனை எதிர்பார்க்கும் அதிகாரிகள் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தார் வகுத்த 'கிவா' என்னும் திட்டம் வேறொரு வழியை நாடியது. அடிப்பவனையும் அடிபடுபவனையும் மாத்திரமன்றி, சுற்றிநின்று நகைப்போரையும் கண்டும் காணாதிருப்போரையும் அது கருத்திற் கொண்டது. 2009ஆம் ஆண்டுமுதல் நாடெங்கும் பரப்பப்பட்ட அத்திட்டம், மேல்வகுப்புகளைக் காட்டிலும் ஆரம்ப வகுப்புகளிலேயே நன்கு பயனளித்தது. சோதனைக் காலத்திற் கண்ட பயன், நாடெங்கும் பரவியபோது சற்றுக் குறைந்தது என்பதையும் மறைத்தலாகாது. பின்னர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 118 ஆரம்பப் பாடசாலைகளில் இதனைச் சோதித்தனர். 2024இல் வெளியான முடிவும் சிறியதொரு குறைவையே காட்டிற்று.

அச்சிறிய குறைவின் பெறுமதியை எங்ஙனம் அளப்பது? 2019ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாராய்ச்சி ஒன்று, இத்தகைய திட்டங்களால் துன்பத்துக்கு ஆளாவோர் நூற்றுக்கு 15 அளவிற் குறைகின்றனர் எனக் கணித்தது. 300 பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றில் 30 பேர் துன்புறுகின்றனர் என வைத்துக்கொள்வோமாயின், விடுதலை பெறுவோர் நால்வர் அல்லது ஐவர். 300 பேருக்கும் பாடம் நடத்தி ஐவரைக் காப்பதா எனப் பொருளாளர் வினவக்கூடும், அவ்வினா தவறன்று. ஆயினும் அந்த ஐவரின் இழப்பு பாடசாலையோடு ஒழிவதில்லை. 1958ஆம் ஆண்டில் பிரித்தானியாவிற் பிறந்த பிள்ளைகளுள், ஏழாம் பதினோராம் வயதுகளிற் கொடுமைக்கு ஆளானோரை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்துவந்தனர். ஐம்பதாம் வயதிலும் அவர்களிடையே மனச்சோர்வு ஏனையோரிலும் மிகுந்து காணப்பட்டது. நாற்பது ஆண்டுகால வைத்தியச் செலவும் இழந்த ஊதியமும் பாடசாலையின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. வேறோர் அமைச்சின் ஏட்டிலேயே அவை பதிவாகின்றன.

செலவிலும் அச்சிட்ட நூல்களின் விலை சிறிதே. ஆசிரியரின் நேரமே பெருஞ்செலவு. வகுப்புப் பாடம், விளையாட்டுத் திடலில் மேற்பார்வை, தவறிழைத்த பிள்ளையுடன் தனித்துப் பேசுதல் என எல்லாம் அவர் தலையிலேயே விழுகின்றன. அந்நேரத்தை ஒதுக்கிக் கொடுக்காத பாடசாலைக்கு இத்திட்டத்தை வாங்கிக் கொடுப்பது வீண்செலவு; ஆண்டுக்கு ஒருநாட் கூட்டமும் சுவரொட்டியும் அத்தகையனவே. நேரம் ஒதுக்கி, சில ஆண்டுகளேனும் தொடர்ந்து நடத்தும் ஆரம்பப் பாடசாலைக்கோ இச்செலவு தகும். ஆனால், முதலாண்டிலேயே முறைப்பாடுகள் பெருகின எனக் கண்டு நிருவாகிகள் பணத்தை நிறுத்திவிடலாகாது. சொல்லத் துணியாத பிள்ளைகள் அப்பொழுதே சொல்லத் தொடங்கியிருத்தலும் கூடும்.